அப்பா இட்ட கையொப்பம்

சேர்க்கைக் காலத்தில் எங்கள் பல்கலைக்கழகத்தின் உதவி மேசையில் ஆய்வு மாணவர்கள் முறைவைத்து அமர்வதுண்டு. வட இந்திய நகரம் ஒன்றில் அமைந்த மத்தியப் பல்கலைக்கழகம் என்பதால், பல மாநிலங்களிலிருந்தும் பெற்றோர் வருவார்கள். இந்த ஆண்டு என் எதிரே வந்து நின்றவர்களுள் விழுப்புரம் பக்கத்திலிருந்து வந்த ஒரு தந்தையும் மகளும் இருந்தனர். ராகிங் எதிர்ப்பு உறுதிமொழிப் பத்திரத்தில் பெற்றோர் கையொப்பமிட வேண்டிய தாளை மகள் அவர்முன் வைத்தாள்.

“என்னம்மா இது?”

“ராகிங் பண்ண மாட்டேன்னு எழுதிக் கேக்கறாங்கப்பா. இங்க கையெழுத்து போடுங்க.”

போட்டார். பத்து நொடிகூட ஆகியிருக்காது.

அந்தத் தாள் ஆங்கிலத்தில் மட்டுமே இருந்தது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளைப் பெற்றுக்கொண்டேன், கவனமாகப் படித்தேன், முழுமையாகப் புரிந்துகொண்டேன் என்பதே அவர் கையொப்பமிட்ட வாசகத்தின் சாரம். ஆங்கிலம் தெரியாத ஒருவர், தாம் படிக்காத ஒன்றைப் படித்ததாகவும் புரியாத ஒன்றைப் புரிந்துகொண்டதாகவும் ஒரு கல்வி நிறுவனத்தின் வாசலில் எழுத்துமூலம் உறுதி அளித்தார். மகளின் கல்லூரி வாழ்க்கையில் பல்கலைக்கழகம் அவரிடம் நேரடியாகக் கேட்டது இது ஒன்றைத்தான்.

மொழியியல் மாணவர்களுக்கு ஆஸ்டினின் பேச்சுச்செயல் கோட்பாடு தெரிந்திருக்கும். உறுதியளித்தல் என்பது ஒரு செய்தியைத் தெரிவிப்பது அன்று. சொல்வதன் வழியாகவே ஒரு செயலைச் செய்வது. அச்செயல் நிறைவேறுவதற்குச் சில நிபந்தனைகள் உண்டு. எதற்கு உறுதியளிக்கிறோம் என்பதை அறிந்திருப்பது அவற்றுள் அடிப்படையானது. அந்நிபந்தனை இல்லாதபோது எஞ்சுவது காகிதத்தில் ஒரு மைக்கோடு மட்டுமே. இத்தனைக்கும், பெற்றோரின் உறுதிமொழிப் பத்திரம் ஆங்கிலத்தோடு, இந்தியிலோ அவர்கள் அறிந்த வட்டார மொழியிலோ இருக்க வேண்டும் என்று அதே ஒழுங்குமுறைகள் கூறுகின்றன. விதி சரியாகவே எழுதப்பட்டிருக்கிறது. பின்பற்றப்படவில்லை.

இதைச் சிறு நிர்வாகக் குறையாக என்னால் கடந்துபோக முடியவில்லை. பன்னிரண்டாம் வகுப்பு வரை ஒரு பெற்றோருக்குப் பிள்ளையின் கல்வியில் ஏதோவோர் இடம் இருந்தது. எழுதப் படிக்கத் தெரியாத தாய்கூட வகுப்பாசிரியரைச் சந்தித்துத் தம் மொழியில் “எப்படிப் படிக்கிறான்?” என்று கேட்க முடிந்தது. காலாண்டு, அரையாண்டு, முழு ஆண்டு, மதிப்பெண் என்ற சொற்கள் அவருக்கும் சொந்தமாக இருந்தன. கல்லூரிக்குள் நுழைந்த ஒரே வாரத்தில் அந்தச் சொற்களஞ்சியம் முழுவதும் செல்லாக்காசாகிவிடுகிறது. கிரெடிட், செமஸ்டர், மேஜர், மைனர், எலெக்டிவ் என்று புதியன வருகின்றன. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கைப்படி முதலாண்டு முடிவில் சான்றிதழுடனும், இரண்டாமாண்டு முடிவில் பட்டயத்துடனும், மூன்றாமாண்டு முடிவில் பட்டத்துடனும் வெளியேறலாம். நான்காம் ஆண்டையும் தொடரலாம். நிலத்தை அடகு வைத்துக் கட்டணம் கட்டும் ஒருவருக்கு, மூன்றாண்டா நான்காண்டா என்பது மிகப் பெரிய கேள்வி. அதை விளக்கிச் சொல்ல இங்கு யாரும் இல்லை.

2022இல் அறிமுகமான மத்தியப் பல்கலைக்கழகப் பொது நுழைவுத் தேர்வைத் தமிழ் உட்பட 13 மொழிகளில் எழுதலாம். வாசலில் 13 மொழிகள். உள்ளே பெரும்பாலும் ஒன்று, மிஞ்சினால் இரண்டு. மாணவர்கள் தட்டுத் தடுமாறியேனும் அந்த ஒன்றைக் கற்றுக்கொண்டுவிடுகிறார்கள். பெற்றோர் வாசலிலேயே நின்றுவிடுகிறார்கள்.

இந்த இடைவெளியை நிரப்புபவர் அந்தப் பிள்ளையே. பெரியவர்களுக்காகப் பிள்ளைகள் மொழிபெயர்ப்பாளராகச் செயல்படுவதை மொழியியலில் ‘மொழித் தரகு’ எனலாம். புலம்பெயர்ந்த குடும்பங்களை முன்வைத்தே இது பெரிதும் ஆராயப்பட்டிருக்கிறது. முதல் தலைமுறைப் பட்டதாரிகளின் வீடுகளும் அத்தகையவைதான் என்பது என் எண்ணம். நாடு மாறாமலே அங்கு மொழி மாறிவிடுகிறது. தரகர் எதைச் சொல்கிறாரோ அதுவே செய்தி. எதை விடுகிறாரோ அது நடக்கவே இல்லை. விழுப்புரத்துப் பெண் ஒரு பக்கத்தை ஒரு வரியாக்கினாள். அதில் குற்றம் ஏதுமில்லை. பின்னால் வரிசை நீண்டிருந்தது. எனினும், தன் உலகைப் பற்றி அப்பாவுக்கு ஒரு வரி போதும் என்பதை அவள் அன்று கற்றுக்கொண்டிருக்கக்கூடும்.

நானும் அப்படித்தான் கற்றேன். மொழியியல் படிக்கிறேன் என்றபோது அம்மா, “எத்தனை மொழி சொல்லித் தருவாங்க?” என்று கேட்டார். சிரித்துக்கொண்டே “நிறையம்மா” என்றேன். அது அந்தத் துறையில் எல்லோரும் எதிர்கொள்ளும் கேள்வி. பொறுமையாக விளக்கியிருந்தால் அவருக்குப் புரிந்திருக்கும். இரண்டாம் பருவத்தில் ஒரு தாளில் தோற்றேன். அறையைவிட்டு வெளியே வராமல் கிடந்த அந்த மூன்று வாரங்களிலும் நாள்தோறும் தொலைபேசியில் “சாப்பிட்டியா?” என்று அம்மா கேட்டார், “சாப்பிட்டேன்” என்றேன். மலினோவ்ஸ்கி சொன்ன உறவுப்பேச்சுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. தகவல் எதுவும் பரிமாறப்படாமல் உறவு மட்டும் பேணப்படும் உரையாடல் அது. ஆனால் அம்மா அதை உறவுப்பேச்சாகக் கேட்கவில்லை. வேறு எதைக் கேட்பது என்று தெரியாமல், தமக்கிருந்த ஒரே கேள்விக்குள் எல்லாக் கேள்விகளையும் வைத்துக் கேட்டார். அதைப் புரிந்துகொள்ள எனக்குப் பத்தாண்டுகள் தேவைப்பட்டன.

இங்குதான் ஆபத்து இருக்கிறது. பல்கலைக்கழகத்துக்கும் வீட்டுக்கும் இடையே மாணவர் ஒருவரே தொடர்பு என்றால், அவர் நொறுங்கும் நாளில் அந்தத் தொடர்பும் அறுந்துபோகும். ராகிங், தேர்வுத் தோல்வி, மனச்சோர்வு, வந்து சேராத உதவித்தொகை ஆகிய எல்லாவற்றிலும் வீட்டுக்குச் செய்தி சொல்ல வேண்டியவரே அதை மறைக்கக் காரணம் உள்ளவராகவும் இருக்கிறார்.

இதற்கு நியாயமான மறுப்பு ஒன்று உண்டு. பதினெட்டு வயது நிறைந்தவர் சட்டப்படி வயதுவந்தவர். அவருடைய கல்வியில் பெற்றோருக்கு என்ன வேலை? இந்தக் கேள்வியை நான் எளிதில் ஒதுக்கமாட்டேன். 2015இல் டெல்லியில் ‘பிஞ்ச்ரா தோட்’ இயக்கத்தைத் தொடங்கிய மாணவிகள் எதிர்த்தது பெண்கள் விடுதிகளின் நேரக் கட்டுப்பாடுகளை. அத்தகைய கட்டுப்பாடுகளுக்கு நிறுவனங்கள் காட்டும் வழக்கமான சாக்கு ‘பெற்றோரின் விருப்பம்’. வருகைப்பதிவு குறைந்தால் பெற்றோருக்குக் குறுஞ்செய்தி, வெளியே செல்ல அவர்களின் கடிதம் என்று அவர்களைக் காவலர்களாக்கும் கல்லூரிகளும் குறைவில்லை. நான் வேண்டுவது அதுவன்று.

வேறுபாடு எளிமையானது. மாணவரைப் பற்றிய தகவல் மாணவருக்கு உரியது. அதைப் பகிர்வதும் பகிராததும் அவர் உரிமை. நிறுவனத்தைப் பற்றிய தகவல் பெற்றோருக்கும் உரியது. மகளின் மதிப்பெண்ணை அப்பாவுக்கு அனுப்ப வேண்டியதில்லை. ஆனால் கிரெடிட் என்றால் என்ன, ஒரு தாளில் தோற்றால் மறுவாய்ப்பு உண்டா, உதவித்தொகை தாமதமானால் யாரை அணுகுவது, உளநல ஆலோசகர் எங்கே இருக்கிறார் என்பவை அவருக்குத் தெரிந்திருக்கலாம். ‘தோற்றால் எல்லாம் முடிந்தது’ என்று நம்பும் வீட்டுக்கு எந்தப் பிள்ளையும் தோல்வியைச் சொல்லாது. முடிந்துவிடாது என்று அறிந்த வீட்டில் சொல்லக்கூடும்.

இதற்குப் பெரிய நிதியும் வேண்டாம், புதிய சட்டமும் வேண்டாம். விதி ஏற்கெனவே சொல்லியிருப்பதுபோல் உறுதிமொழிப் பத்திரத்தை மாநில மொழிகளில் தர வேண்டும். புதிய மாணவர்களுக்கான அறிமுக நிகழ்வில் பெற்றோருக்கென ஒரு மணி நேரத்தை அவரவர் மொழியில் ஒதுக்க வேண்டும். ஒரு மத்தியப் பல்கலைக்கழகத்தின் விடுதியில் அசாமியும் ஒடியாவும் தமிழும் பேசுவோருக்குப் பஞ்சமில்லை; அவர்களுக்கு மதிப்பூதியம் கொடுத்து அமர்த்தலாம். அன்றாடக் கல்விச் சொற்களை விளக்கும் ஒரு பக்கத் தாளை ஒவ்வொரு மொழியிலும் அச்சிடலாம்.

நிர்வாகம் செய்யும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. அன்று வரிசை கலைந்தபின் அந்தத் தந்தையைத் தேடிச் சென்று, அவர் கையொப்பமிட்ட தாளைத் தமிழில் சொன்னேன். இருபது நிமிடங்கள் ஆயின. முடித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: “எம் பொண்ண யாராச்சும் தொந்தரவு பண்ணா, அவ யார்கிட்ட சொல்லணும்?” அருகில் நின்ற மகள் அந்தத் தொலைபேசி எண்ணைத் தன் கைபேசியில் பதிந்துகொண்டாள். அப்பாவும் தம்முடையதில் பதிந்துகொண்டார்.

அடுத்த ஆண்டு உதவி மேசையில் அமரப்போகும் நண்பர்களே, தாளை நீட்டுமுன் அதைப் பெற்றோரின் மொழியில் ஒருமுறை சொல்லிவிடுங்கள்.