சோபாவில் மூச்சா போகும் பூனை: பழிவாங்கல் இல்லை, புகார்!

“வேணும்னேதான் பண்ணுது!” சோபாவிலோ மெத்தையிலோ பூனை மூச்சா போய்விட்டால், பெரும்பாலான வீடுகளில் முதலில் கேட்கும் வார்த்தை இதுதான். ‘தனியாக விட்டுவிட்டு ஊருக்குப் போன கோபம்’, ‘புதிதாக வந்த குழந்தை மேல் பொறாமை’ என்று காரணங்கள் அடுக்கப்படும். அடுத்து அதட்டல், அடி. அதுவும் பலிக்கவில்லை என்றால், ‘எங்கேயாவது கொண்டுபோய் விட்டுடலாம்’ என்ற பேச்சு வரும்.

சிக்கலே அந்த முதல் வார்த்தையில்தான் இருக்கிறது. பழிவாங்கத் திட்டம் போட்டு சோபாவை நாசம் செய்யும் அளவுக்குப் பூனை யோசிப்பதில்லை. உடம்பில் கோளாறு, லிட்டர் பாக்ஸ் பிடிக்கவில்லை, வீட்டில் ஏதோ ஒன்று பயமுறுத்துகிறது. பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றுதான் காரணம். அதைக் கண்டுபிடிக்காமல் சோபா கவரை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தால் செலவுதான் மிஞ்சும்.

முதலில் டாக்டர், பிறகுதான் மற்றதெல்லாம்

இத்தனை நாள் ஒழுங்காக இருந்த பூனை திடீரென இடம் மாறிப் போகிறதா? கால்நடை மருத்துவரிடம் காட்டுவதுதான் முதல் வேலை. சிறுநீர்ப்பை அழற்சி, சிறுநீரில் கல், சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு என எதுவாகவும் இருக்கலாம். போகும்போது வலித்தால், அந்த வலியைப் பூனை லிட்டர் பாக்ஸோடு முடிச்சுப் போட்டுக்கொள்ளும். பிறகு மெத்தென்ற வேறு இடம் தேடும். மூட்டுவலி உள்ள வயதான பூனைக்கு உயரமான பாக்ஸில் ஏறி இறங்குவதே கஷ்டம்.

ஆண் பூனை வைத்திருப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். அடிக்கடி முக்குகிறது, கத்துகிறது, ஆனால் சிறுநீர் சொட்டுச் சொட்டாக வருகிறது அல்லது வரவே இல்லை என்றால் சிறுநீர்ப் பாதை அடைத்திருக்கலாம். ‘நாளைக்குப் பார்க்கலாம்’ என்று தள்ளிப்போடக் கூடாது. அடைப்பு நீடித்தால் ஓரிரு நாளிலேயே உயிர் போகும் ஆபத்து உண்டு.

மூச்சாவா, ஸ்ப்ரேயா?

இரண்டும் வேறு வேறு. உட்கார்ந்து, தரையிலோ மெத்தையிலோ குளம் போல விட்டால் அது சிறுநீர் கழித்தல். நின்றபடி வாலைத் தூக்கி, சுவரிலோ சோபாவின் பக்கவாட்டிலோ கொஞ்சமாகப் பீய்ச்சினால் அது ஸ்ப்ரே. ‘இது என் ஏரியா’ என்று அடையாளம் வைக்கும் வேலை. ஜன்னலுக்கு வெளியே தெருப்பூனை நடமாடினாலும், வீட்டுக்குள் புதுப் பூனை வந்தாலும் இது அதிகமாகும்.

ஆண் பூனைகளில் கருத்தடை ஆபரேஷன் செய்தால், ஏறக்குறைய பத்தில் ஒன்பது பூனைகளிடம் ஸ்ப்ரே குறைந்துவிடும் அல்லது நின்றுவிடும். பழக்கமாவதற்கு முன்பே, ஐந்து மாத வயதுவாக்கில் செய்துவிடுவது நல்லது.

பாக்ஸில் என்ன குறை?

வீட்டுப் பூனையின் மூதாதை, வறண்ட நிலத்தில் வாழ்ந்த காட்டுப்பூனை. மணலைத் தோண்டி, போய், மூடும் பழக்கம் அங்கிருந்து வந்தது. ஃபிளாட்டில் அதற்குக் கிடைப்பதோ, வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் ஒடுங்கிக் கிடக்கும் ஒரு சின்ன டப்பா. துணி துவைக்கும் நேரத்தில் அது போட்டும் சத்தத்தில் ஒருமுறை மிரண்டாலே போதும், அப்புறம் அந்தப் பக்கமே போகாது.

* பூனைகளின் எண்ணிக்கையை விட ஒரு பாக்ஸ் கூடுதலாக இருக்க வேண்டும். 2 பூனை என்றால் 3 பாக்ஸ். எல்லாவற்றையும் ஒரே மூலையில் அடுக்கினால் பூனைக்கு அது ஒரே பாக்ஸ்தான்.
* பாக்ஸின் நீளம், பூனையின் உடல் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு. கடையில் அந்த அளவு கிடைக்காவிட்டால், அகலமான பிளாஸ்டிக் டப்பின் ஒரு பக்கத்தை வெட்டித் தாழ்த்தினால் போதும்.
* வாசனை இல்லாத, மணல் போன்ற லிட்டர், சுமார் 2 அங்குல உயரத்துக்கு. லாவெண்டர் மணம் மனிதருக்குத்தான் பிடிக்கும்.
* தினமும் ஒரு முறையாவது அள்ள வேண்டும். அசுத்தமான டாய்லெட்டை மனிதர்கள் தவிர்ப்பது போலத்தான் பூனையும் தவிர்க்கிறது.
* சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் பாக்ஸ் வேண்டாம்.

பினாயில் போடாதீங்க

நாற்றம் வந்ததும் பினாயிலைத் தேடுவது நம் வீடுகளின் வழக்கம். பினாயிலில் இருக்கும் ஃபீனால், பைன் எண்ணெய் போன்றவற்றைப் பூனையின் கல்லீரலால் சரியாக முறிக்க முடியாது. பாதத்தில் ஒட்டியதை நக்கினாலே விஷமாகலாம். அமோனியா கலந்த கிளீனரும் வேண்டாம். சிறுநீரின் வாடையை அது நினைவுபடுத்தி, பூனையைத் திரும்ப அங்கேயே அழைத்து வரும்.

ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கும் என்சைம் கிளீனரை ஊற்றி ஊறவிட வேண்டும். நம் மூக்குக்கு வாடை போனாலும், சிறுநீரில் உள்ள யூரிக் அமிலம் பஞ்சுக்குள் தங்கிவிடும். சோப்புத் தண்ணீருக்கு அது லேசில் போகாது. சில வாரங்களுக்கு அந்த இடத்தில் பிளாஸ்டிக் ஷீட் விரிக்கலாம். அல்லது சாப்பாட்டுத் தட்டை அங்கே வைக்கலாம். சாப்பிடும் இடத்தைப் பூனை பொதுவாக அசுத்தம் செய்யாது.

அடித்தால் திருந்துமா?

திருந்தாது. மூக்கை ஈரத்தில் தேய்ப்பது, அடிப்பது எல்லாம் பூனைக்கு ஒன்றைத்தான் கற்றுக்கொடுக்கும்: மனிதர்கள் இருக்கும்போது போகக் கூடாது. அதனால் கட்டிலுக்கு அடியிலும் அலமாரிக்குப் பின்னாலும் ஒளிந்து போகும். பயம் கூடினால் பிரச்சினையும் கூடும்.

தெருவில் விடுவதும் தீர்வு இல்லை. வேளாவேளைக்குத் தட்டில் சோறு கண்ட பூனைக்கு நாய்களையும் வாகனங்களையும் சமாளிக்கத் தெரியாது. பட்டினியில் வாடும் நிலையில் ஒரு விலங்கைக் கைவிடுவது, 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் முறை பிடிபட்டால் அபராதம் 10 முதல் 50 ரூபாய் வரைதான். ஒரு பாக்கெட் லிட்டர்கூட அந்தக் காசுக்கு வராது.

சட்டம் ஒரு பூனையின் உயிருக்குப் போட்ட விலை அவ்வளவுதான். வளர்ப்பவர்களின் கணக்கு அப்படி இருக்கக் கூடாது. சோபாவில் ஈரத்தைப் பார்த்ததும் ‘ஏன் இப்படிப் பண்ணுது?’ என்று கோபப்படுவதற்குப் பதில், ‘இதுக்கு என்ன ஆச்சு?’ என்று கேட்டாலே பாதி வழி வந்துவிடும். வாய் திறந்து சொல்லத் தெரியாத ஜீவன், தனக்குத் தெரிந்த வழியில் புகார் கொடுத்திருக்கிறது.