சைக்கிளில் வருபவருக்கு ஒரு சின்னக் குடில்

மாலை நாலு மணி. செங்கம் சாலையில், ரமணாசிரமத்துக்குச் சற்றுத் தள்ளி இருக்கும் இளநீர் வண்டியருகே ஒரு சைக்கிள் வந்து நிற்கிறது. பின்சக்கரத்தின் இருபுறமும் பைகள், பைகளின் மேல் காயப்போட்ட துண்டு. விடியற்காலையில் புதுச்சேரியில் கிளம்பி நூறு கிலோமீட்டருக்கு மேல் மிதித்து வந்தவர் அவர். இளநீரைக் குடித்து முடித்ததும் கேட்கும் முதல் கேள்வி கோயிலைப் பற்றியதாக இருக்காது. "அண்ணே, சைக்கிளை உள்ளேயே வெச்சுக்கிற மாதிரி ரூம் ஏதாவது கிடைக்குமா?" என்பார்.

திருவண்ணாமலை சைக்கிள் பயணிகளுக்கு வாய்ப்பான ஊர். புதுச்சேரி–கிருஷ்ணகிரி சாலை ஊர் வழியாகவே போகிறது. சென்னையும் பெங்களூருவும் ஏறத்தாழ 200 கிலோமீட்டர். பழகியவருக்கு ஒரு நாள், மற்றவர்களுக்கு இரண்டு நாள். வந்து சேர்வது எளிது, தங்குவதுதான் சிரமம். ஆசிரமத்தில் தங்க முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்க வேண்டும். விடுதிக்குப் போனால் மூன்றாவது மாடியில் அறை. சைக்கிளைக் கீழே பைக்குகளோடு நிறுத்தச் சொல்வார்கள். விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்ப நினைத்தால் வெளி கேட் பூட்டியிருக்கும்.

இவர்களுக்குச் சொகுசு வேண்டாம். குளிக்கத் தண்ணீர், துவைத்த துணியைக் காயப்போட ஒரு கொடி, போனுக்கு சார்ஜ், கண்ணெதிரே சைக்கிள், புழுக்கமில்லாத தூக்கம். இதற்கு 10 அடிக்கு 12 அடியில் ஓர் அறையும், முன்னால் 4 அடித் திண்ணையும் போதும். வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் காலி இடம் வைத்திருக்கும் குடும்பம்கூட இதைக் கட்டிவிடலாம்.

சின்னக் குடில் இந்தப் பகுதிக்குப் புதிதும் அல்ல. 1922-ல் ரமணரின் தாயார் மறைந்து மலையடிவாரத்தில் அடக்கமானார். அந்தச் சமாதியின் மேல் போட்ட ஒரு கீற்றுக்கொட்டகையிலிருந்துதான் இன்றைய ஆசிரமம் வளர்ந்தது. பக்கத்தில் இருக்கும் பலாக்கொத்துத் தோப்பில் முருகனார், குஞ்சு சுவாமி போன்ற அடியார்கள் சிறுசிறு குடில்களில் வாழ்ந்தார்கள். 1936-ல் வந்த ஈராக்கைச் சேர்ந்த எஸ்.எஸ்.கோஹன் அங்கே ஒரு மண் குடிசை கட்டிக்கொண்டார். படுக்க, உட்கார, சமைக்க எவ்வளவு இடம் வேண்டுமோ அவ்வளவுதான் அன்று கட்டினார்கள். அந்த அளவை இன்று மறந்துவிட்டோம்.

வெளிநாடுகளில் என்ன செய்கிறார்கள்? நெதர்லாந்தில் நடந்தும் சைக்கிளிலும் ஊர் சுற்றுபவர்களுக்காக முகாம் மைதானங்களில் சின்ன மரக்குடில்கள் இருக்கின்றன. படுக்கை விரிப்பைப் பயணியே கொண்டுபோக வேண்டும். 1984-ல் அங்கே தொடங்கிய இன்னோர் அமைப்பில், சைக்கிளிலோ நடந்தோ வருபவர்களுக்கு மட்டும் குடும்பங்கள் தங்கள் வீட்டிலேயே அறை தருகின்றன. இந்த எண்ணத்தை நாம் எடுத்துக்கொள்ளலாம். மரக்குடிலை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. இங்கே கரையான் இருக்கிறது. சித்திரை வெயிலில் மெல்லிய பலகைச் சுவரும் தகரக் கூரையும் அறையை அடுப்பாக்கிவிடும். இப்போது பலரும் வாங்கிப் போடுகிற இரும்புப் பெட்டி அறைகளின் கதையும் இதேதான். ஏ.சி. இல்லாமல் உள்ளே இருக்க முடியாது.

இந்த ஊருக்கு ஏற்ற சுவர் மண்சுவர். ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் தொலைவில் ஆரோவில்லில் இருக்கும் மண் கட்டுமான நிறுவனம், மண்ணோடு சுமார் 5 சதவிகிதம் சிமென்ட் கலந்து, கை எந்திரத்தில் அழுத்திக் கல் அறுப்பதைப் பல ஆண்டுகளாகக் கற்றுத்தருகிறது. இந்தக் கல்லைச் சூளையில் வைக்க வேண்டாம், விறகும் செலவில்லை. நான்கு வாரம் ஈரத்தில் பதப்படுத்தினால் போதும். சூளைச் செங்கல்தான் கிடைக்கிறது என்றால், கேரளத்தில் லாரி பேக்கர் பரப்பிய எலிப்பொறிக் கட்டு இருக்கிறது. கல்லைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி வைத்து, நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டுவது. செங்கல் சுமார் கால் பங்கு மிச்சமாகும். சுவருக்குள் இருக்கும் காற்று வெப்பத்தையும் தடுக்கும்.

கூரைக்கு நாட்டு ஓடு அழகுதான். ஆனால், ஆசிரமப் பக்கம் போய்வந்தவர்களுக்குக் குரங்குகளைத் தெரியும். ஒரு கூட்டம் கூரையில் ஏறி இறங்கினால் அடுத்த மழைக்கு உள்ளே ஒழுகும். கீற்றிலும் கரும்புச் சோகையிலும் தீ பயம் உண்டு. பழைய ஓடுகளை உள்ளே பதித்து, கம்பியையும் சிமென்ட்டையும் குறைத்துப் போடும் தளம் இங்கே நிற்கும். அதன் மேல் சுண்ணாம்பு வெள்ளை அடித்தால் வெயில் பாதி அங்கேயே திரும்பிவிடும். ஜன்னல்களுக்கு வலுவான கம்பிவலை அவசியம். பயணியின் பையில் வாழைப்பழமும் கடலை மிட்டாயும் இருப்பது குரங்குக்குத் தெரியாமல் போகாது.

மேற்குச் சுவரில் ஜன்னல் வேண்டாம். வடக்கிலும் தெற்கிலும் எதிரெதிராக ஜன்னல்கள், கூரைக்குக் கீழே சூடான காற்று வெளியேறத் துளைகள் இருக்கட்டும். கதவு மூன்று அடி அகலம் இருந்தால் பைகளோடு சைக்கிள் உள்ளே வந்துவிடும். வாசலில் படிக்கட்டு இல்லாமல் சரிவாக இருப்பது நல்லது. சைக்கிளின் நீளம் ஆறு அடி. சுவரில் ஒரு கொக்கி அடித்து முன்சக்கரத்தை மாட்டி நிமிர்த்தி நிறுத்தினால் இரண்டு அடித் தரைதான் பிடிக்கும். பஞ்சர் ஒட்டவும் செயினுக்கு எண்ணெய் போடவும் திண்ணை. 30 வாட் மின்விசிறி, ஒரு எல்.இ.டி. விளக்கு, போன் சார்ஜ் எல்லாவற்றுக்கும் 150 வாட் சூரியத் தகடு ஒன்றும் ஒரு பேட்டரியும் ஈடுகொடுக்கும்.

தண்ணீர்தான் பெரிய கேள்வி. அறைக்கு அறை குளியலறை வைத்து மாடி மேல் மாடி எழுப்பினால் போர்வெல் ஆழமாகிக்கொண்டேதான் போகும். குடிலின் கூரை, திண்ணையையும் சேர்த்து 200 சதுர அடி என்று வைத்துக்கொண்டால், ஒரு சென்டிமீட்டர் மழையில் 180 லிட்டருக்கு மேல் தண்ணீர் விழும். ஆண்டுக்கு நூறு சென்டிமீட்டரை ஒட்டி மழை பெய்கிற ஊர் இது. வீணாவது போக, 15 ஆயிரம் லிட்டராவது பிடிக்கலாம். வாளியில் மொண்டு குளிக்கும் பயணிக்கு ஒரு நாளைக்கு 40, 50 லிட்டர் போதும். 5,000 லிட்டர் தொட்டி ஒருமுறை நிறைந்தால் நூறு பேர் தங்கிப் போகலாம். குளித்த தண்ணீர் வாழைக்குப் போகட்டும். இரண்டு குடில்களுக்குப் பொதுவாக ஓர் இரட்டைக்குழிக் கழிப்பறை கட்டினால், ஒரு குழி நிறைந்து ஓய்வெடுக்கும்போது மற்றதைப் பயன்படுத்தலாம்.

எங்கே கட்டுவது என்பதில்தான் கண்டிப்பு வேண்டும். 2024 டிசம்பர் 1-ம் தேதி, ஃபெஞ்சல் புயல் மழையில் அண்ணாமலையார் மலையின் மண் சரிந்து வ.உ.சி. நகரில் வீடு புதைந்து, குழந்தைகள் உட்பட ஏழு பேர் இறந்துபோனார்கள். மலைச்சரிவிலும், ஓடை வரும் வழியிலும், ஏரிக்கரையிலும் ஒரு செங்கல்கூட வைக்கக் கூடாது. குடில் சின்னதுதானே என்று மழை பார்ப்பதில்லை. பட்டா நிலமாக இருந்தாலும், மலைத் தண்ணீர் எந்த வழியாக இறங்குகிறது என்று அக்கம்பக்கத்துப் பெரியவர்களிடம் கேட்டுவிட்டு, உள்ளாட்சி அனுமதியும் வாங்கிக்கொண்டு கடைக்கால் தோண்ட வேண்டும். வெளிநாட்டவரைத் தங்க வைத்தால் 24 மணி நேரத்துக்குள் அவர்களின் விவரத்தை ஆன்லைனில் பதிவு செய்வதும் கட்டாயம்.

இத்தனையும் பார்த்துப் பார்த்துச் செய்கிற குடும்பம் பெரிய பணக்காரராகிவிடாது. ஆனால் பௌர்ணமிக்கும் தீபத்துக்கும் மட்டும் நிறைந்து, மற்ற நாளில் பூட்டிக் கிடக்கும் மாடி அறைகளைவிட, ஆண்டு முழுக்க இருவர் மூவராக வந்து தங்கிப் போகும் குடிலுக்குச் செலவு குறைவு. நம் தாத்தாக்கள் வழிப்போக்கருக்குத் திண்ணை விட்டு வீடு கட்டினார்கள். அதில் ஒரு கதவும் ஒரு கொக்கியும் கூடினால் போதும். அடுத்த முறை சைக்கிள்காரர் வந்து கேட்கும்போது இளநீர்க்காரர் கையை நீட்டி, "அந்தத் தெருவில மூணாவது வீடு, பின்னாடி போங்க தம்பி" என்று சொல்லிவிடுவார்.