ஒண்டிக்கடைக்கு எத்தனை மீட்டர்?

சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காடு ஒண்டிக்கடையை அடையும் மின்சாரக் கார் ஏறக்குறைய 1,200 மீட்டர் உயரம் ஏறுகிறது. ஒன்றரை டன் எடையை அவ்வளவு உயரம் தூக்க மட்டுமே ஐந்து யூனிட் மின்சாரம் வேண்டும். சாலையில் ஓடுவதற்கான செலவு தனி.

மத்திய மின்துறை அமைச்சகத்தின் 2022ஆம் ஆண்டு வழிகாட்டுதலோ, நெடுஞ்சாலையில் 25 கிலோமீட்டருக்கு ஒரு சார்ஜிங் நிலையம் என்று தூரத்தையே அளந்தது. அது சமவெளியின் கணக்கு. இறங்கும்போது பேட்டரி சற்று நிரம்பும் என்பது மெய்தான். ஆனால் முதலில் ஏறியாக வேண்டுமே! பெங்களூரிலிருந்து வருபவர் அடிவாரத்தை எட்டும்போது கையிருப்பு குறைந்திருக்கும். கோடை விழா நெரிசலில் ஒரு கார் வளைவில் நின்றால், பின்னால் வரும் பேருந்தும் ஆம்புலன்சும் சேர்ந்தே நிற்கும்.

மலைப்பாதைகளுக்கு உயரத்தையும் கணக்கில் கொண்டு, அடிவாரத்திலும் உச்சியிலும் நிலையங்களைக் கட்டாயமாக்க வேண்டும் என்பதே நம் கருத்து.