நாற்றுக்குப் பருவம் உண்டு

முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் வந்துவிட்டால் கம்பம் பள்ளத்தாக்கில் நாற்றங்கால் தயாராகிவிடும். நாற்றை எப்போது பிடுங்கி நட வேண்டும் என்று இங்குள்ள விவசாயிக்கு யாரும் பாடம் சொல்லத் தேவையில்லை. மிகவும் இளசாக நட்டால் தேங்கிய தண்ணீரில் அழுகும். முற்றவிட்டு நட்டால் தூர் கட்டாது.

மலைக்கு மேலே போனால் ஏலக்காய். விதையிலிருந்து முளைத்த கன்றை நேராகத் தோட்டத்தில் வைப்பதில்லை. முதல் நாற்றங்காலில் இருந்து இரண்டாம் நாற்றங்காலுக்கு மாற்றுகிறார்கள். அங்கே வேர் பிடித்த பிறகுதான் தோட்டம்.

செடிக்குக் காட்டும் இந்தப் பொறுமையை நம் பிள்ளைகளுக்குக் காட்டுகிறோமா?

தேனி, போடி, சின்னமனூர், கம்பம் என்று எந்த ஊருக்குப் போனாலும் சிறுவர்கள் மட்டையும் பந்துமாக நிற்கிறார்கள். அவர்களில் ஒருவன் நன்றாகப் பந்து வீசினால் போதும். "இவனை உடனே சென்னைக்கு அனுப்புங்கள்" என்கிறார்கள் அக்கம்பக்கத்தார். தகப்பனாருக்கும் ஆசை பிறக்கிறது. 2023 ஜூன் முதல் போடியில் இருந்தே சென்னைக்கு ரயில் இருக்கிறது. போவது சுலபம். போன இடத்தில் எந்தப் படியில் நிற்பது? அதுதான் கேள்வி.

படிகள் எதற்கு?

கிரிக்கெட்டில் படிகள் பல. மாவட்டங்களுக்கு இடையே வயதுவாரியாகப் போட்டிகள் உண்டு. சென்னை லீக்கில் முதல் டிவிஷன், இரண்டாம் டிவிஷன் என்று பிரிவுகள் உண்டு. அதற்கும் மேலே ரஞ்சிக் கோப்பை.

அமெரிக்காவில் பேஸ்பால் என்று ஓர் ஆட்டம். அங்கே பெரிய கிளப்புகள் ஒவ்வொன்றும் தங்கள் இளைஞர்களுக்காகக் கீழே பல படிகளில் அணிகளை வைத்திருக்கின்றன. 2008-ல் நம் நாட்டு வாலிபர்கள் ரிங்கு சிங், தினேஷ் பட்டேல் இருவரை பிட்ஸ்பர்க் கிளப் ஒப்பந்தம் செய்தது. இருவரும் ஈட்டி எறிந்து பழகியவர்கள். பேஸ்பால் ஆட்டத்துக்கே புதியவர்கள். கை பலமானது என்பதற்காக அவர்களை மேலே ஏற்றிவிடவில்லை. புதியவர்கள் ஆடும் அடிப்படியில்தான் 2009-ல் இறக்கினார்கள். ரிங்கு சிங் பின்னர் அடுத்த படிகளுக்கு ஏறினார். கடைசிப் படிக்கு இருவரும் போகவில்லை. ஆனால் அவர்களுக்கு ஆடிக் கற்றுக்கொள்ள இடம் கிடைத்தது.

இரண்டு தமிழர்கள்

சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியில் பிறந்தவர் நடராஜன். தகப்பனார் தறித் தொழிலாளி. தாயார் தெருவோரம் பலகாரம் விற்றவர். டென்னிஸ் பந்தில் ஆடிக்கொண்டிருந்த அவர், சென்னைக்கு வந்து நான்காம் டிவிஷனில் ஆரம்பித்தார். படிப்படியாக முதல் டிவிஷனுக்கு வந்தார். 2015 ஜனவரியில் ரஞ்சி ஆட்டம் கிடைத்தது. உடனே சோதனையும் வந்தது. பந்து வீசும் முறையில் குறை சொன்னார்கள். அவர் கீழே இறங்கி, கையைத் திருத்திக்கொண்டு, மீண்டும் ஏறினார். 2017-ல் ஐ.பி.எல். ஏலத்தில் 3 கோடி ரூபாய்க்குப் போனார். அந்தப் பருவத்தில் சில ஆட்டங்கள் ஆடிய பிறகு, அடுத்த இரண்டு ஐ.பி.எல். பருவங்களில் ஓர் ஆட்டம்கூடக் கிடைக்காமல் உட்கார்ந்திருந்தார். 2020-ல் ஆஸ்திரேலியாவுக்கு வலைப் பயிற்சியில் பந்து வீசப் போனவர், அந்த ஒரே பயணத்தில் மூன்று வகை ஆட்டங்களிலும் இந்தியாவுக்காக ஆடினார்.

சென்னையைச் சேர்ந்த லட்சுமணன் சிவராமகிருஷ்ணன் 1983 ஏப்ரலில், 17 வயதில், டெஸ்ட் ஆடினார். அடுத்த ஆண்டே பம்பாயில் இங்கிலாந்தின் 12 விக்கெட்டுகளைச் சாய்த்தார். நாடே கொண்டாடியது. ஆனால் 1986 ஜனவரியில் கடைசி டெஸ்ட்டை ஆடியபோது அவருக்கு வயது 20 தான். மொத்தம் 9 டெஸ்ட்டுகள். காரணம் இதுதான் என்று ஒன்றைச் சுட்டிச் சொல்ல முடியாது. ஆனால் அத்தனை பெரிய திறமைக்கு 9 டெஸ்ட் போதுமா என்று இன்றும் மனம் கேட்கிறது.

"டெண்டுல்கர் 16 வயதில் ஆடவில்லையா?" என்று கேட்பீர்கள். ஆடினார். ஆகவே வயது மட்டும் கணக்கல்ல. பிள்ளை தயாரா என்பதே கணக்கு. தயாரான பிள்ளையைக் கீழேயே கட்டிப்போடுவதும் தவறுதான். சுலபமான எதிரிகளையே ஜெயித்துக்கொண்டிருப்பவன் புதிதாக எதையும் கற்பதில்லை.

பெற்றோருக்கு

சிலர் பிள்ளையின் வயதைக் குறைத்துச் சான்றிதழ் வாங்குகிறார்கள். இது பிள்ளைக்குச் செய்யும் உதவி அல்ல. 18 வயதுப் பையன் 16 வயதுச் சிறுவர்களை ஜெயிப்பது வெற்றியா? அவன் ஓர் ஏழைச் சிறுவனின் இடத்தைப் பறிக்கிறான். முதல் பாடமாகப் பொய்யையும் கற்கிறான். ராகுல் டிராவிட் 2015-ல் தம் சொற்பொழிவில் இதைக் கடுமையாகக் கண்டித்தார்.

பிள்ளையைச் சேர்க்கும்போது கிளப்பின் பெயரைக் கேட்காதீர்கள். "என் மகனுக்கு எத்தனை ஆட்டம் கிடைக்கும்?" என்று கேளுங்கள். பெரிய கிளப்பில் தண்ணீர் சுமப்பதைவிடச் சிறிய கிளப்பில் பந்து வீசுவது மேல். பள்ளிப் படிப்பை நிறுத்தாதீர்கள். எல்லோரும் உச்சிக்குப் போவதில்லை. இறங்கி வரும் பிள்ளைக்குக் கையில் ஒரு படிப்பு வேண்டும்.

விளையாட்டுச் சங்கங்களுக்கும் ஒரு வார்த்தை. ஒரு பையனைக் கீழ்ப் படியில் வைத்தால், ஏன் என்று அவனிடமும் அவன் பெற்றோரிடமும் சொல்லுங்கள். எதைத் திருத்த வேண்டும் என்று காட்டுங்கள். அடுத்த பருவத்தில் மறுபடியும் பாருங்கள். காரணம் தெரிந்தால் கீழ்ப் படி அவமானம் அல்ல, அது பள்ளிக்கூடம்.

நாற்றங்காலில் நிற்கும் பயிரை யாரும் தோற்றுப்போன பயிர் என்று சொல்வதில்லை.