சீனப் பிள்ளையின் புத்தக மூட்டை

1996-ம் ஆண்டு ஆகஸ்டு மாதக் கடைசி. இரவு நேரம். யாங்சி ஆற்றில் ஒரு படகு மெல்லப் போய்க்கொண்டிருந்தது. அதில் ஒரு வெள்ளைக்கார இளைஞர் இருந்தார். பெயர் பீட்டர் ஹெஸ்லர். வயது 27. அமெரிக்கர்.

அவர் போய் இறங்கிய ஊர் ஃபூலிங். சீனாவின் தென்மேற்கில், யாங்சியும் ஊ என்ற ஆறும் கூடும் இடத்தில், மலைச் சரிவில் இருக்கும் ஊர். அமெரிக்க அரசாங்கத்தின் தொண்டர் படை அவரை அங்கே அனுப்பியது. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பது அவருக்கு வேலை.

அதே மனிதர் 23 ஆண்டு கழித்து மறுபடியும் சீனாவுக்கு வாத்தியாராகப் போனார். முன்பு பார்த்த சீனா வேறு. பின்பு பார்த்த சீனா வேறு. இரண்டையும் புத்தகங்களாக எழுதி வைத்திருக்கிறார். அந்த இரண்டு சீனாவையும் அருகருகே வைத்துப் பார்த்தால், பிள்ளை பெற்ற எல்லோரும் யோசிக்க வேண்டிய ஒரு சங்கதி அதில் இருக்கிறது.

படிக்கட்டு ஊர்

அப்போது ஃபூலிங்குக்கு ரெயில் கிடையாது. போக்குவரத்து பெரும்பாலும் படகில்தான். ஊர் முழுவதும் படிக்கட்டுகள். ஏறுவதும் இறங்குவதுமாக இருந்ததால் சைக்கிள்கூட ஓட்ட முடியாது. மூங்கில் கழியைத் தோளில் வைத்து, இரு பக்கமும் மூட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு, சுமை கூலிகள் படியேறுவார்கள்.

வெளிநாட்டுக்காரர் தெருவில் நின்றால் போதும், கூட்டம் கூடிவிடும். ஆனால் நாலு நாள் பழகிவிட்டால், "சாப்பிட்டாயா?" என்று கேட்பார்கள். சீனாவில் பழைய காலத்திலிருந்து வரும் குசல விசாரிப்பு அது. நம் வீட்டுப் பெரியவர்கள் கேட்பது போலத்தான். பசியை அறிந்த ஜனங்கள் கேட்கும் கேள்வி!

பன்னிரண்டில் ஒருவர்

ஹெஸ்லரிடம் படித்த மாணவர்கள் பெரும்பாலும் குடியானவர் வீட்டுப் பிள்ளைகள். மலைக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள். கையில் காசு கிடையாது. மாற்று உடையும் அதிகம் கிடையாது. வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவர்களாகத்தான் இருப்பார்கள்.

ஆனாலும் முகத்தில் ஒரு தெளிவு. ஷேக்ஸ்பியர் நாடகத்தைச் சொல்லிக்கொடுத்தால், அதை மேடை ஏற்றி நடித்துக் காட்டினார்கள். நெல் நட்ட கை, ஹாம்லெட்டின் வாளைப் பிடித்தது!

அந்தத் தெளிவுக்குக் காரணம் இருந்தது. அந்தக் காலத்தில் சீன இளைஞர்கள் 12 பேரில் ஒருவருக்குத்தான் மேற்படிப்புக்கு இடம் கிடைத்தது. உள்ளே நுழைந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி. படித்து முடித்ததும் அரசாங்கமே ஒரு பள்ளியில் ஆசிரியர் வேலை கொடுத்துவிடும். பரீட்சை ஒரு ஏணி. அதில் ஏறியவன் தன் குடும்பத்தையும் மேலே தூக்கிவிட்டான்.

23 ஆண்டுக்குப் பின்

2019-ல் ஹெஸ்லர் மறுபடி வந்தார். இந்தத் தடவை தனியாக வரவில்லை. மனைவி லெஸ்லி சாங், சீன வம்சாவளி அமெரிக்கர். அவரும் எழுத்தாளர். கூடவே, 9 வயது இரட்டைப் பெண் குழந்தைகள். செங்டூ நகரத்தில் வீடு. சிச்சுவான் பல்கலைக்கழகத்தில் வேலை.

ஊரே மாறியிருந்தது. படகில் போன ஃபூலிங்குக்கு இப்போது அதிவேக ரெயில் ஓடுகிறது. யாங்சியின் குறுக்கே கட்டிய பெரிய அணையால் ஆற்று மட்டம் உயர்ந்து, ஊரின் பழைய கரையோரம் தண்ணீருக்குள் போய்விட்டது.

அந்த ஆற்றில் ஒரு கற்பாறை உண்டு. முன்னோர்கள் அதில் மீன் உருவங்களைச் செதுக்கி வைத்திருந்தார்கள். குளிர்காலத்தில் தண்ணீர் வற்றினால் மீன் வெளியே தெரியும். மீன் தலை காட்டினால் அடுத்த போகம் நன்றாக விளையும் என்பது ஜனங்களின் நம்பிக்கை. இப்போது பாறை நிரந்தரமாக மூழ்கிவிட்டது. 2009-ல் தண்ணீருக்கு அடியிலேயே அதற்கு ஒரு காட்சிசாலை கட்டிவிட்டார்கள். ஜனங்கள் நகரும் படியில் இறங்கிப் போய், கண்ணாடி வழியாக மீனைப் பார்க்கிறார்கள்.

கடைத்தெருவில் ரூபாய் நோட்டைப் பார்ப்பது அபூர்வம். கீரை விற்கும் கிழவியும் கட்டம் போட்ட அட்டையைத் தொங்கவிட்டிருக்கிறாள். செல்போனைக் காட்டினால் பணம் போய்விடுகிறது. மாலையானால் பூங்காவில் நடுத்தர வயதுப் பெண்கள் வரிசையாக நின்று பாட்டுக்கு ஆடுகிறார்கள். கையில் வெந்நீர் பிளாஸ்க் இல்லாத பெரியவர் இல்லை. எவ்வளவு மாறினாலும் குளிர்ந்த தண்ணீர் மட்டும் அவர்களுக்கு ஆகாது!

பள்ளிக்கூட வாசல்

ஹெஸ்லர் தம் பெண்களை அரசாங்கப் பள்ளியில் 3-ம் வகுப்பில் சேர்த்தார். பெண்களுக்குச் சீன மொழி தெரியாது. ஆயிரக்கணக்கான எழுத்துகளை எழுதிப் பழக வேண்டும். ஆசிரியர்கள் அக்கறையோடு சொல்லிக்கொடுத்தார்கள். குழந்தைகளும் தேறிவிட்டார்கள்.

அங்கேதான் ஹெஸ்லர் புதிய சீனாவின் முகத்தைக் கண்டார். வகுப்புப் பெற்றோர் எல்லோரும் செல்போனில் ஒரு குழுவாக இருக்கிறார்கள். காலை முதல் இரவு வரை அதில் சேதி வந்துகொண்டே இருக்கும். நாளைக்கு என்ன பாடம், யார் வீட்டுக் கணக்கை முடிக்கவில்லை, எந்த நோட்டுக்கு எந்த அட்டை என்று ஓயாத விசாரணை. பிள்ளை படிக்கிறதா, தாய் படிக்கிறாளா என்றே சந்தேகம் வந்துவிடும்!

சீனப் பள்ளிக்கூட வாசலில் மாலையில் நின்று பாருங்கள். தாத்தாவும் பாட்டியும் காத்திருப்பார்கள். அப்பாவும் அம்மாவும் வேலையில். குழந்தை வெளியே வந்ததும் தாத்தா முதலில் வாங்குவது புத்தக மூட்டையை. அவ்வளவு கனம்!

ஜூன் 7

சீனாவில் ஆண்டுதோறும் ஜூன் 7-ந் தேதி கல்லூரி நுழைவுப் பரீட்சை தொடங்கும். 1996-ல் அதை எழுதியவர்கள் 24 லட்சம் பேர். 2024-ல் 1 கோடியே 34 லட்சம் பேர்!

அன்றைக்குப் பரீட்சைக்கூடம் பக்கம் மோட்டார்கள் ஹாரன் அடிக்கக் கூடாது. நேரமாகிவிட்ட மாணவனைப் போலீஸ்காரரே வண்டியில் ஏற்றிக்கொண்டு போவார். தாய்மார்கள் "சிபாவோ" என்ற பழைய பாணிப் பட்டுச் சட்டையை உடுத்தி வாசலில் நிற்பார்கள். அந்த உடையின் பெயரில் வெற்றிக்கொடி என்ற பொருள் ஒலிக்கிறதாம். அதற்காகச் சிகப்புச் சேலைபோல அதை உடுத்தி, மகன் ஜெயித்து வரவேண்டும் என்று நிற்கிறார்கள்.

இப்போது இளைஞர்களில் பாதிக்கு மேல் மேற்படிப்புக்குப் போகிறார்கள். மிக நல்ல காரியம்! ஒரு ஏழை நாடு 20, 25 ஆண்டில் இதைச் சாதித்தது சாதாரண விஷயம் அல்ல.

ஆனால் ஏணியில் எல்லோரும் ஏறியதும் ஏணி நெருக்கடியாகிவிட்டது. கல்லூரிக்குப் போனால் மட்டும் போதாது. பெயர் பெற்ற கல்லூரி வேண்டும். அதற்கு நல்ல உயர்நிலைப்பள்ளி வேண்டும். அதற்கு நல்ல ஆரம்பப்பள்ளி வேண்டும். ஓட்டம் 6 வயதிலேயே தொடங்கிவிடுகிறது.

ஹெஸ்லரின் புதிய மாணவர்கள் நகரத்துப் பிள்ளைகள். பெரும்பாலும் வீட்டுக்கு ஒரே பிள்ளை. நல்ல சாப்பாடு, நல்ல உடை. கெட்டிக்காரர்கள். ஆனால் ஓய்வு ஒழிச்சல் இல்லாமல் ஒருவரோடு ஒருவர் போட்டி. இந்த நிலைமைக்கு அவர்களே ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்: "நெய்ஜுவான்". உள்பக்கமாகச் சுருண்டுகொண்டே போவது என்று அர்த்தம். 2020-ல் நாடு பூராவும் பரவிய சொல் அது. அடுத்த ஆண்டே இன்னொரு சொல் வந்தது: "டாங்பிங்". ஓடியது போதும், படுத்துவிடு என்று பொருள்!

சட்டம் போட்டார்கள்

அரசாங்கம் சும்மா இருக்கவில்லை. 2021 ஜூலையில் ஓர் உத்தரவு வந்தது. பள்ளிப் பாடத்துக்கு டியூஷன் நடத்தி எந்தக் கம்பெனியும் லாபம் சம்பாதிக்கக் கூடாது. சனி, ஞாயிறிலும் விடுமுறையிலும் வகுப்பு கூடாது. 1, 2-ம் வகுப்புக்கு எழுத்து வீட்டுப்பாடமே கூடாது. 3-ம் வகுப்பு முதல் 6-ம் வகுப்பு வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது.

பெரிய பெரிய டியூஷன் கம்பெனிகள் கவிழ்ந்தன. ஆயிரக்கணக்கான ஆசிரியர்கள் வேலை இழந்தார்கள். டியூஷன் ஒழிந்ததா? இல்லை. வசதி உள்ளவர்கள் ஆசிரியரை ரகசியமாக வீட்டுக்கு வரவழைத்தார்கள். கட்டணம்தான் ஏறியது. கடையை மூட உத்தரவு போடலாம். தாயின் மனத்தில் இருக்கும் பயத்தை மூட உத்தரவு போட முடியுமா?

தொட்டில் குறைகிறது

சீனாவில் 1980 முதல் 2015 வரை ஒரு குழந்தைதான் பெறலாம் என்று சட்டம். 2016-ல் இரண்டு பெறலாம் என்றார்கள். 2021-ல் மூன்று பெறலாம் என்றார்கள். தொட்டில் நிறையவில்லை. 2016-ல் ஒன்றே முக்கால் கோடிக்கு மேல் குழந்தைகள் பிறந்தன. 2023-ல் சுமார் 90 லட்சம்தான்! 7 ஆண்டில் ஏறக்குறையப் பாதி.

இதற்குக் காரணங்கள் பல. தாமதமான கல்யாணம் ஒன்று. வீட்டு விலை ஒன்று. ஆனால் இளம் தம்பதிகள் அடிக்கடி சொல்லும் காரணம், ஒரு பிள்ளையைப் படிக்கவைத்து ஆளாக்கும் செலவும் பாடும். தாங்கள் பட்ட கஷ்டத்தை இன்னொரு உயிருக்குக் கொடுக்க அவர்கள் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கத்தை யாரும் அலட்சியம் செய்யக் கூடாது.

பயம் எங்கே இருக்கிறது?

சீனத் தாய் தகப்பனைக் குறை சொல்வது எளிது. அது நியாயம் அல்ல. இன்றைய பெற்றோர் பலர் அன்றைக்குப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு வறுமையிலிருந்து கரை ஏறியவர்கள். பிள்ளை மறுபடி தண்ணீரில் விழுந்துவிடுமோ என்ற பயம் அவர்களுக்கு. பேராசை அல்ல, பயம்!

அந்தப் பயத்துக்கு ஆதாரமும் இருக்கிறது. சீனாவில் 15 வயதில் ஒரு பரீட்சை உண்டு. அதில் பின்தங்கியவர்கள் கல்லூரிக்குப் போகும் பாதையை விட்டுத் தொழிற்பள்ளிக்குப் போக வேண்டும். தொழிற்பள்ளி என்றால் ஜனங்களுக்கு இளக்காரம். 2022-ல் சட்டத்தைத் திருத்தி, தொழிற்கல்வியும் மற்றக் கல்வியும் சமமான மதிப்பு உள்ளவை என்று எழுதினார்கள். சட்டம் சொல்லிவிட்டது. கூலியும் மரியாதையும் அதைச் சொன்னால்தான் தாய் தகப்பன் நம்புவார்கள்.

நோய்க்கு மருந்து அங்கேதான் இருக்கிறது என்று நாம் நினைக்கிறோம். வீட்டுப்பாடத்தைக் குறைப்பது பாரத்தைக் கொஞ்சம் இறக்கும். ஆனால் முதல் மார்க் வாங்காத பிள்ளையும் தலை நிமிர்ந்து பிழைக்கலாம் என்ற நிலை வந்தால்தான் பாரம் முழுவதும் இறங்கும். இயந்திரம் பழுது பார்ப்பவனுக்கும், முதியோரைக் கவனிக்கும் பெண்ணுக்கும் நல்ல சம்பளமும் மதிப்பும் கிடைத்தால், 6 வயதுக் குழந்தையை யாரும் விரட்டமாட்டார்கள்.

2021-ல் பல்கலைக்கழகம் ஹெஸ்லரின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. குடும்பத்தோடு ஊர் திரும்பினார். அவர் கண்ட இரண்டு சீனாவும் புத்தகத்தில் இருக்கின்றன.

ஒரு காலத்தில் அந்த நாட்டு ஜனங்கள் எதிரே வந்தவரை, "சாப்பிட்டாயா?" என்று கேட்டார்கள். இன்றைக்கு எல்லோர் வீட்டிலும் சோறு இருக்கிறது. பள்ளியிலிருந்து வரும் பிள்ளையிடம் முதலில் கேட்கும் கேள்வி, "எத்தனை மார்க்?" என்பதாக ஆகிவிட்டால், சோறு வந்து என்ன பயன்?

முதலில் மூட்டையை இறக்குங்கள். சாப்பாடு போடுங்கள். மார்க்கைப் பிறகு கேட்கலாம்.