ஒரே ஓர் அறைதான் மிச்சமாம்!

அவசரமாக அறை தேடுகிறவருக்கு இந்தக் காலத்தில் எல்லா வசதியும் இருக்கிறது. யோசிக்கத்தான் விடமாட்டேன் என்கிறார்கள். கைப்பேசியைத் திறந்ததும், ‘இன்னும் ஒரே ஓர் அறைதான் மிச்சம்!’ என்று திரை அலறுகிறது. ‘இதே விடுதியை இப்போது 12 பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்’ என்று பயமுறுத்துகிறது. 4,000 ரூபாய் என்று போட்டுக் குறுக்கே ஒரு கோடு கிழித்துவிட்டு, பக்கத்தில் 1,800 என்கிறது. அந்த 4,000 ரூபாயை என்றைக்காவது எந்த மனிதராவது கொடுத்திருப்பாரா? புடவைக் கடையில் இந்த வித்தையைக் காட்டினால் நம் வீட்டுப் பெண்கள் சிரித்துவிட்டு அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள். விடுதி அறை என்றால் மட்டும் நாம் நடுங்கிப் போய்ப் பணத்தைக் கட்டிவிடுகிறோம்.

இது என் வயிற்றெரிச்சல் மட்டும் அல்ல. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-ஆம் தேதி வெளியிட்ட நெறிமுறைகள், இணைய வியாபாரத் தந்திரங்கள் 13-ஐப் பட்டியல் போட்டுத் தடுக்கின்றன. பொய் அவசரம் அதில் ஒன்று. முதலில் ஒரு விலை காட்டிப் பணம் கட்டுமிடத்தில் ஏற்றுவது இன்னொன்று. கேளாமலே நன்கொடையையும் காப்பீட்டையும் கணக்கில் செருகுவதும் உண்டு. பட்டியல் வந்துவிட்டது, அலறல்தான் ஓயவில்லை.

சரி, மலிவு என்கிறார்களே, அதைப் பார்ப்போம். சென்னையில் இரவு பாண்டியன் எக்ஸ்பிரஸ் ஏறுகிறவர் விடிகாலையில் மதுரையில் இறங்கிவிடுகிறார். திரையில் பிடித்த அறையோ பெரும்பாலும் பகல் 12 மணிக்குத்தான் கிடைக்கும். மறுநாள் 11 மணிக்குக் காலி செய்ய வேண்டும். குழந்தை குட்டிகளோடும் மூட்டை முடிச்சுகளோடும் அதுவரை எங்கே உட்காருவது? முன்னதாகவே அறை வேண்டுமானால் தனிக் கட்டணம் என்பார்கள். நம் ஊர்ப் பழைய லாட்ஜுகள் பலவற்றில் 24 மணி நேரக் கணக்கு. பேரேட்டில் கையெழுத்துப் போட்ட நிமிஷத்திலிருந்து நாள் ஆரம்பம். குளித்துவிட்டு மீனாட்சியைப் பார்த்து வந்தால் போதும் என்கிறவருக்கு ஸ்டேஷன் ஓய்வறையே இருக்கிறது. டிக்கெட்டின் பி.என்.ஆர். எண்ணைக் கொண்டு முன்பதிவு செய்யலாம்.

‘விலை எங்கும் ஒன்றுதானே?’ என்று கேட்கும் அன்பர்கள் உண்டு. ஒன்றாக வைக்கத்தான் பாடுபட்டார்கள்! விடுதிக்காரர் தம் சொந்த இணையப் பக்கத்தில்கூடக் குறைத்து விற்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில் கட்டிப்போட்ட விவகாரத்தில், இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் மேக்மைட்ரிப்–கோஐபிபோ நிறுவனத்துக்கு 223.48 கோடி ரூபாய் அபராதம் விதித்தது.

ஆகவே திரையில் பெயரை மட்டும் பொறுக்கிக்கொள்ளுங்கள். தங்கியவர்கள் எழுதியதில் வசவுகளை முதலில் படியுங்கள். புகழ்ச்சியைவிட அவற்றில் விவரம் அதிகம். பிறகு விடுதிக்கே டெலிபோன் செய்யுங்கள். எண்ணை அதன் சொந்தப் பக்கத்திலிருந்தே எடுங்கள். போலி எண் கொடுத்து முன்பணம் பறிக்கிற கூட்டம் ஒன்று அலைகிறது. வரியோடு எவ்வளவு, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, வெந்நீர் எப்போது, ஜன்னல் உண்டா என்று கேளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 7,500 ரூபாய் வரையுள்ள நாள் வாடகைக்கு வரி 5 சதவீதந்தான். 1,800 ரூபாய் அறை 1,890-க்கு மேல் போனால் காரணம் கேளுங்கள். அடுத்து, தரகு மிச்சமாகிறதே, எனக்கு எவ்வளவு குறைப்பீர்கள் என்று கூசாமல் கேளுங்கள். எல்லாம் ஐந்து நிமிஷ வேலை. நடுராத்திரியில் மழையில் நனைந்துகொண்டு நிற்கிறவர் வேண்டுமானால் திரையைத் தட்டட்டும். அவரை நான் தடுக்கவில்லை.