அத்தானின் கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டரில் ஏமாந்துபோன பெரியவரை வீட்டார் திட்டினால், அந்தத் திட்டே அடுத்த நஷ்டத்துக்கு வழி வைக்கும் என்பது என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன்.

கும்பகோணத்தில் இருக்கும் என் அக்கா கணவருக்கு வயது 76. தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். பிரிண்டர் மக்கர் செய்ததால் இணையத்தில் 'கஸ்டமர் கேர் நம்பர்' தேடி, முதலில் வந்த எண்ணுக்குப் போன் போட்டிருக்கிறார். பேசியவன் வாய்க்கு வாய் 'சார்' போட்டான். ஒரு புரோகிராமை இறக்கச் சொல்லி, கம்ப்யூட்டரைத் தன் கைக்குள் கொண்டு வந்தான். கறுப்புத் திரையில் வரிவரியாக எதையோ ஓடவிட்டு, 'வைரஸ் ஏறியிருக்கிறது' என்றான். போனிலும் ஒரு ஆப்பைப் போடவைத்தான். பிறகு பதிவுக் கட்டணம் 10 ரூபாயை நெட் பேங்கிங்கில் கட்டச் சொன்னான். போனது 48,000 ரூபாய்.

அத்தான் யாரிடமும் மூச்சு விடவில்லை. 'இந்த வயசுல உங்களுக்கு எதுக்குப்பா இதெல்லாம்?' என்று பெங்களூரில் இருக்கும் மகன் கேட்பானே என்ற பயம். நான்காம் நாள் இன்னொரு 22,000 போனது. அதன் பிறகுதான் அக்கா எனக்குப் போன் செய்தாள். வைஃபையை அணைத்துவிட்டு, வங்கிக்கும் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் உடனே பேசச் சொன்னேன். மறுநாள் திருச்சியிலிருந்து கிளம்பிப் போனேன்.

அந்த இரண்டாவது தொகைதான் என்னை உறுத்துகிறது. ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, நம் கவனக்குறைவால் பணம் போனால், வங்கிக்குச் சொல்லும்வரை ஏற்படும் நஷ்டம் நம்முடையது. சொன்ன பிறகு ஏற்படும் நஷ்டம் வங்கியுடையது. அத்தான் முதல் நாளே வாயைத் திறந்திருந்தால், 22,000 அவர் தலையில் விழுந்திருக்காது. 1930-க்கு உடனே சொன்னால், பணம் கைமாறிப் போகும் முன் முடக்கிவைக்கவும் வாய்ப்பு உண்டு. நான்கு நாள் கழித்துச் சொன்னால் அந்த வாய்ப்பு மிகவும் குறைவு.

கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தேன். அந்தப் புரோகிராம், யாரும் அனுமதி தராமலே வெளியிலிருந்து உள்ளே வரும்படி பாஸ்வேர்டு போட்டு வைக்கப்பட்டிருந்தது. ஒன்றை நீக்கினால் இன்னொன்று இருக்கட்டும் என்று அதே வகையில் இரண்டாவது புரோகிராமும் இருந்தது. போனில் போட்ட ஆப், வரும் எஸ்எம்எஸ்களை எல்லாம் அவனுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. ஓடிபி எப்படிப் போனது என்பது அப்போதுதான் புரிந்தது.

'அந்தப் புரோகிராமை நீக்கினால் போதாதா?' என்று பலர் கேட்பார்கள். போதாது. திருடன் நாலு நாள் தங்கிய வீட்டில் வாசல் பூட்டை மட்டும் மாற்றி என்ன பயன்? புகைப்படங்களையும் ஆவணங்களையும் வெளி ஹார்டு டிஸ்க்கில் எடுத்துக்கொண்டு, எல்லாவற்றையும் அழித்து விண்டோஸைப் புதிதாகப் போட்டேன். போனையும் ரீசெட் செய்தேன். பாஸ்வேர்டுகளை அக்காவின் போனிலிருந்து மாற்றினோம். முதலில் மாற்றியது இமெயிலுடையதை; மற்ற பாஸ்வேர்டுகளை மாற்றும் வழி எல்லாம் அதன் வழியாகத்தானே வருகிறது! நம் இமெயில்கள் வேறு முகவரிக்குத் திருப்பிவிடப்பட்டிருக்கின்றனவா என்பதையும் பார்க்க வேண்டும். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். எல்லாம் முடிய ஒன்றரை நாள் ஆயிற்று.

மருமகப்பிள்ளை போனில், 'மாமா, அந்த கம்ப்யூட்டரையே தூக்கிடுங்க' என்றான். எனக்குச் சம்மதமில்லை. பென்ஷன் விவரம், மின் கட்டணம், பேத்தியோடு வீடியோவில் பேசுவது எல்லாம் அதில்தான். பிக்பாக்கெட் அடித்துவிட்டான் என்று பஸ்ஸில் போவதை நிறுத்துகிறோமா?

அதற்குப் பதில் சில பழக்கங்களைச் சொல்லிக் கொடுக்கலாம். கஸ்டமர் கேர் எண்ணைப் பொருளோடு வந்த வாரண்டி அட்டையில் பாருங்கள், தேடலில் வேண்டாம். திரை முழுதும் எச்சரிக்கை வந்து அதில் ஒரு போன் நம்பரும் இருந்தால் அது பொய். மைக்ரோசாஃப்டின் எச்சரிக்கைகளில் போன் நம்பர் வராது. திரை மூட மறுத்தால் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துவிடுங்கள்.

பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. அப்பாவோ அம்மாவோ தயங்கித் தயங்கி இப்படி ஒன்றைச் சொல்ல வந்தால், 'எப்போ நடந்தது, எந்த பேங்க்?' என்று மட்டும் கேளுங்கள். கேட்டுக்கொண்டே 1930-ஐ அழுத்துங்கள். மற்றதை நிதானமாகப் பேசிக்கொள்ளலாம்.